நூறு கிலோமீட்டருக்கு முப்பத்தேழு யூனிட்

பாஸ்விக் எல்லைக் காவல் சாவடி
பிப்ரவரி 9

அன்புத் தங்கை தோருனுக்கு,

அண்ணன் எழுதுவது. என் காதுகள் இரண்டும் இன்னும் தலையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நேற்று மைனஸ் முப்பத்தைந்து. அம்மாவின் முதுகுவலி எப்படி? டயர் பட்டறையில் ஆஸ்பியோன் உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாரா?

கைப்பேசியைச் சாவடி வாசலிலேயே வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிறன்று முகாம் தொலைபேசியில் பத்து நிமிடம் கிடைக்கும். ஒன்பதை அம்மா எடுத்துக்கொள்வாள். மிச்சம் ஒன்றில் நீ 'ம்' என்பாய். அதனால் எழுது. எழுத்தில் நீ வாயில்லாப் பூச்சி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு விஷயம். முதலாவது என் பந்தயக் கார். ஞாயிறுதோறும் கொட்டகையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடு. இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால், அவ்வளவுதான். யார் கேட்டாலும் கொடுக்காதே. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் பந்தயத்தில் தடத்தில் இறங்கும் எந்தக் காரும் அன்று மாலையே விற்பனைக்கு உண்டு. எல்லாக் காருக்கும் பந்தயச் சங்கம் வைத்த ஒரே விலை. கார் பிடித்துப்போனவர் சீட்டு எழுதிப் போடுவார், பல சீட்டு விழுந்தால் குலுக்கல். ஓட்டியவர் மறுத்தால் உரிமம் போய்விடும். யாரும் காசைக் கொட்டி கார் கட்டக்கூடாது என்பதற்கான விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த வோல்வோவை மூன்று குளிர்காலம் உட்கார்ந்து கட்டியிருக்கிறேன். மூன்று வருடம் ஓட்டியும் கைவிட்டுப் போகாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

இரண்டாவது, அம்மா டீசலை விற்றுவிட்டு மின்கார் வாங்கிவிட்டாளாம். நான் திரும்பி வந்ததும் என் காரைப் பந்தய இடத்துக்கு எது இழுத்துப் போகும்? அந்த வண்டி குளிரில் எவ்வளவு ஓடுகிறது, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் குடிக்கிறது என்று எண்களோடு எழுது. 'நல்லா ஓடுது' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

கம்பளிக் காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள்.

அண்ணன்
சிந்த்ரெ


ஃபோல்தால்
மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

உன் காதுகள் நலம் என்று அறிந்தோம். அம்மாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பியோன் சாப்பிட விடுகிறார், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறார்.

எண்கள். அம்மா முதியவர்களைக் கவனிக்க வீடு வீடாகப் போகும் நாட்களில் முப்பத்தொன்று. ஒவ்வொரு வீட்டிலும் கால் மணி நேரம் நிறுத்துவதால் கார் ஆறிவிடுகிறது, திரும்பத் திரும்பச் சூடேற்ற வேண்டியிருக்கிறது. நிற்காமல் நீண்ட தூரம் போனால் இருபத்தாறு. பேட்டரி எழுபத்தைந்து யூனிட். விற்றவர்கள் ஐந்நூறு கிலோமீட்டர் என்றார்கள், இந்தக் குளிரில் இருநூற்றெண்பதுதான். காலையில் வீட்டு மின்சாரத்திலேயே உள்ளே சூடேற்றிவிட்டால் கொஞ்சம் மிச்சம். கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டாம் என்பதற்காகவே அம்மா அதைக் காதலிக்கிறாள்.

பக்கத்துப் பண்ணை கோரெ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம், "என்ன குன்வோர், சக்கரம் வச்ச ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கியாமே?" என்று கேட்டார்.

"ஆமா கோரெ. உன் டீசல் மாதிரி விடியக்காலைல ஊரையே எழுப்பாது."

"ஜனவரில நடுரோட்டுல நிக்கும்போது எனக்கு போன் பண்ணாத, சொல்லிட்டேன்."

"நீ பள்ளத்துல விழுந்தா எனக்குத்தானே பண்ணுவ? அப்ப பாத்துக்கலாம்."

இதுவரை நிற்கவில்லை. ஏற்றத்தில் மரம் ஏற்றிப்போன ஒரு லாரியை முந்தும்போது என் தலை பின்னால் போய் இருக்கையில் முட்டியது. சத்தமே இல்லை. அவ்வளவு வேகமும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வோல்வோவில் வேகம் வருவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

உன் காரை ஞாயிறுதோறும் ஓடவிடுகிறேன். போன வாரம் கொட்டகைக்கு வெளியே முற்றம்வரை எடுத்தேன். கோபப்படாதே, பனியில் ஒரு வட்டம்தான்.

சங்கத்து ஒத்முன் டயர் மாற்ற வந்தார். இளையோர் பிரிவில் ஆள் குறைவாம். சிந்த்ரெயின் கார் சும்மாவா நிற்கிறது என்று கேட்டார். நான் அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போய்விட்டேன்.

நான் விட்டுவந்த பள்ளி பற்றிக் கேட்காததற்கு நன்றி. எல்லோரும் கேட்கிறார்கள். வகுப்புக்கு முன்னால் நின்று பேசு என்று சொல்லாத இடத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இருட்டில் காவல் போகும்போது பார்த்துப் போ.

தோருன்


பாஸ்விக்
ஏப்ரல் 6

தோருனுக்கு,

நலம். உன் எண்கள் இந்தச் சாவடியில் பிரபலமாகிவிட்டன. என்னோடு காவல் கோபுரத்தில் நிற்கும் ஈவர் மேற்குக் கடற்கரைக்காரன், மின்காரில் படகு இழுத்தவன். வெறும் காரின் கணக்கை நம்பாதே, பின்னால் ஒரு சுமையைக் கட்டிப் பார், ஓடும் தூரம் பாதியாகிவிடும் என்கிறான். காருக்கு இழுவைக் கொக்கி போட்டுவிட்டீர்களா? போட்டால் அந்த எண்ணையும் எழுது.

ஒத்முன் நல்ல மனிதர். ஆனால் ஆள் பிடிப்பதில் மீன் பிடிப்பவரைவிடப் பொறுமைசாலி. அவரிடம் 'ம்' என்றுகூடச் சொல்லாதே, சம்மதம் என்று எழுதிக்கொள்வார்.

ஈஸ்டர் விடுமுறையில் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா கேட்டால் பயிற்சி என்று சொல். உண்மையில் ஆல்தா நகரத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அடுத்த விடுமுறை நவம்பரில்தான்.

முற்றத்தில் வட்டம் போட்டதற்குக் கோபமில்லை. இன்னொரு வட்டம் வேண்டாம்.

சிந்த்ரெ


ஃபோல்தால்
மே 12

அண்ணா,

இந்தக் கடிதத்தை அனுப்பப் போவதில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று உன் காரைப் பந்தயத்தில் ஓட்டினேன்.

ஒத்முன் மறுபடி வந்தார். பேனாவையும் தாளையும் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, "பேச வேணாம் தோருன். எழுது, போதும்" என்றார். நான் எழுதினேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

அம்மா கையெழுத்துப் போடும் முன் கேட்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"எழுதறேன்மா."

"அவன் சரின்னா எனக்கும் சரி."

நேற்று காலை டிரெய்லரைக் கட்டும்போது மறுபடியும் கேட்டாள். "எழுதிட்டியா?" நான் தலையாட்டினேன். அம்மா நம்பிவிட்டாள்.

ஹெல்மெட்டைப் போட்டதும் உலகம் சின்னதாகிவிட்டது, அண்ணா. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டாலும் காதில் விழாது. ஆறு கார், சரளைத் தடம், நான்கு சுற்று. முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கார் அவர்கள் எல்லோரையும்விட வேகமானது என்று. நன்றாக ஓட்டினால் யாராவது சீட்டுப் போடுவார்கள் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நேர்பாதையிலும் பாதியில் மிதியிலிருந்து காலை எடுத்தேன். ஐந்தாவதாக வந்தேன். யாரும் சீட்டுப் போடவில்லை.

சங்கத்துப் பெண்கள் சுடச்சுட வாஃபிள் அப்பம் கொடுத்தார்கள். தின்றேன். திருட்டு வாஃபிள் போல இருந்தது.

தோருன்


ஃபோல்தால்
மே 15

அன்புள்ள அண்ணா,

அங்கே பனி உருகிவிட்டதா? இங்கே ஆற்றங்கரை மட்டும் தெரிகிறது. அம்மாவின் முதுகு வெயிலில் கொஞ்சம் தேவலை.

கொக்கி போட்டாகிவிட்டது. ஆயிரத்து அறுநூறு கிலோவரை இழுக்கலாம். அம்மாவின் உரிமத்தில் கனமான டிரெய்லருக்கான எழுத்து இருப்பதால் சிக்கலில்லை.

எண்கள். சுமை இல்லாமல் இப்போது பத்தொன்பது. சனிக்கிழமை விறகு ஏற்றிக்கொண்டு தின்செத் பக்கம் போய்வந்தோம். அப்போது முப்பத்தேழு. ஈவர் சொன்னது சரி, பாதிதான். ஆனால் ஏற்றத்தில் டீசல் போல மூச்சுவாங்கவில்லை. இறக்கத்தில் சுமை பின்னாலிருந்து தள்ளும்போது பேட்டரி ஏறுகிறது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பெரிய தொல்லை சார்ஜ் செய்யும் இடம்தான். காரை முன்னால் முட்டுகிற மாதிரி நிறுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் சாலைவரை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மாவிடம் கத்தினார்.

"ஏம்மா, இது என்ன உங்க வீட்டுக் கொல்லையா? மூணு பேர் இடத்தை அடைச்சிருக்கீங்க!"

"கழட்டத்தான் போறேன், பொறுங்க."

"கழட்டி எங்க வைப்பீங்க? என் மடியிலயா?"

"உங்க மடி தாங்காது. அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினீங்கன்னா நானே வச்சுக்குவேன்."

அவர் இறங்கிவந்து சுமையைப் பார்த்தார். உடனே சிரித்துவிட்டார். அம்மாவோடு சேர்ந்து அவரே தள்ளிக்கொடுத்தார். கழற்ற, சார்ஜ் ஏற்ற, மறுபடி கட்ட என்று முக்கால் மணி நேரம் ஆனது.

கொசு வரும் முன் வலை கேட்டு வாங்கிக்கொள்.

தோருன்


பாஸ்விக்
ஜூன் 8

தோருன்,

கொசுவலை கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே இப்போது இரவே இல்லை. சூரியன் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. யோசிக்க நிறைய நேரம்.

நம் விறகு டிரெய்லர் தாழ்வானது. காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், காற்று படாது. விறகோடு சேர்த்து அறுநூறு கிலோ என்று வைத்தாலும் இருபத்தேழு யூனிட் போதும். ஈவரும் அதையேதான் சொல்கிறான். முப்பத்தேழு வேண்டுமென்றால் ஆயிரத்து நானூறு கிலோ வேண்டும். காற்றில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கூரையும் வேண்டும். கொட்டகையில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

விறகைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

தின்செத்தில் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் சங்கத்தின் முதல் பந்தயம். எனக்கு மறந்துவிடும் என்று நினைத்தாயா?

பொய் சொல்லத் தெரியாதவள் எண்களையாவது மாற்றியிருக்கலாம். எண்ணில் மட்டும் ஏன் உண்மை எழுதினாய்?

எத்தனை பந்தயம்? எத்தனையாவது இடம்? கார் இன்னும் இருக்கிறதா?

சிந்த்ரெ


ஃபோல்தால்
ஜூன் 16

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். கார் இருக்கிறது. ஒரு கீறல் வலது கதவில், பிடித்துத் தேய்த்துவிட்டேன்.

மூன்று பந்தயம். ஐந்தாவது, ஐந்தாவது, நான்காவது. எல்லா நேர்பாதையிலும் காலை எடுத்தேன். யாரும் சீட்டுப் போடவில்லை. நான் உன்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் நீ வேண்டாம் என்பாய். உனக்குத் தெரியும் என்று அம்மா நினைத்திருந்தாள்; தொலைபேசியில் காரைப் பற்றிப் பேசினால் உனக்கு ஏக்கம் வரும் என்று சொல்லி நான்தான் அவளைத் தடுத்திருந்தேன். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன்.

அம்மா கத்தவில்லை. "என்னையும் சேத்து ஏமாத்திட்டியேடி" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் பேசாதவள் நான் ஒருத்திதான் இருந்தேன். இரண்டு பேர் என்றால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

எண்களை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ கேட்டாய், நான் திரையில் பார்த்ததை எழுதினேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன். காரை மரக்கட்டைகளின் மேல் ஏற்றிவைத்துத் துணி போர்த்தியாகிவிட்டது. இனி எடுக்கமாட்டேன்.

மன்னித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தோருன்


பாஸ்விக்
ஆகஸ்ட் 17

தோருனுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, மனம்தான் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியை உன்னிடம் நீட்டுவது எனக்குக் கேட்டது. நீ வாங்காததும் கேட்டது.

ஒத்முன் ஓர் அட்டை அனுப்பியிருக்கிறார். "உன் தங்கச்சி மூணு பந்தயப் புள்ளிலயே செப்டம்பர் இறுதிப் போட்டிக்கு வந்துட்டா. வரமாட்டேன்னு தலையாட்டறா. ஏன்னு கேட்டா அதுக்கும் தலையாட்டறா. நீ கேளு." அவ்வளவுதான் அட்டையில்.

நான் கேட்கப் போவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டு. ஒரே நிபந்தனை, முதல் மூன்று இடத்துக்குள் வராதே. இறுதிப் போட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். காலை எடுத்தால் தெரிந்துவிடும். மெதுவாக ஓட்டுவதற்கு அதைவிட நல்ல வழிகள் உண்டு. வளைவுக்குள் அரை மீட்டர் அகலமாகப் போ, தடம் வழுக்கியது போலத் தோன்றும். மூன்றாவது கியருக்கு ஒரு மூச்சு தாமதமாக மாற்று. புறப்படும்போது சக்கரத்தைச் சும்மா சுழலவிடு, ஆசையில் செய்தாய் என்று நினைப்பார்கள். முன்னால் இருப்பவன் தவறு செய்தால் நீயும் அதே தவறைச் செய்.

இது எதுவும் ஏமாற்று இல்லை. காரைக் காப்பாற்றுவது.

அம்மாவை வழியில் ஒப்தாலில் சார்ஜ் செய்யச் சொல். டோவ்ரெ மலை ஏற்றத்தை நம்பாதே.

சிந்த்ரெ


ஃபோல்தால்
செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணா,

நீயும் ஈவரும் நலமா? அம்மா நலம். நானும் நலம்தான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாததால் எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

இறுதிப் போட்டிக்குப் போகும்போது மலை ஏற்றத்தில் நாற்பத்தொன்பதுவரை காட்டியது. எதிர்க்காற்று வேறு. அம்மா சூடேற்றியை அணைத்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டினாள். மேட்டைத் தாண்டி இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. ஒப்தாலில் பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேல். அங்கே பேருந்துகள் நிற்கும் பக்கம் ஒரு சார்ஜ் கம்பம், டிரெய்லரைக் கழற்றாமலேயே நிறுத்த முடிந்தது. அம்மா அந்தக் கம்பத்தை முத்தமிடப் பார்த்தாள்.

நீ எழுதிய நான்கு வழிகளையும் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் இரண்டு ஓட்டங்களில் நான்கையும் செய்தேன். நான்காவது, நான்காவது. இறுதி ஓட்டத்தில் ஒன்றையும் செய்யவில்லை. முதலாவதாக வந்தேன்.

எப்படி ஓட்டினேன் என்று எழுதப் போவதில்லை.

பதினொரு சீட்டு விழுந்தது. காப்பி டப்பாவில் போட்டுக் குலுக்கி, வாஃபிள் சுட்ட பெண் ஒருத்தி எடுத்தாள். ரென்னெபூ பக்கத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவருக்கு விழுந்தது. பெரிய கைகள். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"வருத்தமா இருக்காம்மா?"

நான் காரின் கூரையிலிருந்த சரளைத் தூசியைத் துடைத்தேன்.

"இது யாரு கட்டினது? நீயா?"

"அண்ணன்."

"நல்லா கட்டியிருக்கார். எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?"

நான் சொன்னேன். "ரெண்டாவது கியர் குளிர்ல ஒட்டும். அடிக்காதீங்க. கிளட்ச்ச மிதிச்சுட்டு மூணு எண்ணுங்க, அதுவா விழும். எண்ணெய் அழுத்தம் காட்டற முள் எப்பவும் கம்மியாத்தான் காட்டும், அது பொய், பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணிப் பழக்கம்." அம்மா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத ஒருவரிடம் நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

இருக்கையும் அதன் பட்டைகளும் விதிப்படி ஓட்டியவருக்கு என்பதால் கழற்றிக்கொண்டோம். டிரெய்லரில் அந்த இருக்கையை மட்டும் கட்டி எடுத்துவந்தோம். திரும்பும்போது இருபத்துநான்கு. வீட்டுக்கு வரும்போது நிறைய சார்ஜ் மிச்சமிருந்தது. நான் திரையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்காமல் எடுத்ததற்கும், நிபந்தனையை மீறியதற்கும். ஆனால் ஓட்டியதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன், நான்கு தாள் வீணானது. அது வரவில்லை.

தோருன்


பாஸ்விக்
அக்டோபர் 19

தோருன்,

உடம்பு நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று ஒரு பதில் எழுதினேன். அடுப்பில் போட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதையும் போட்டேன். இரண்டிலும் இருந்த வார்த்தைகள் உனக்கு வேண்டாம். ஈவர் சொன்னான், "டேய், இப்படியே எழுதிகிட்டிருந்தா விறகே வேணாம்டா நமக்கு."

இது மூன்றாவது.

அந்த நான்கு வழிகளும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன். மூன்று வருடம், இருபத்திரண்டு பந்தயம், ஒன்றில்கூட நான் முழுதாக ஓட்டவில்லை. முதல் வருடம் காரைக் காப்பாற்றத்தான் செய்தேன். இரண்டாவது வருடம் பழக்கம். மூன்றாவது வருடம், முழுதாக ஓட்டியும் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான்காவதாக வந்து, 'வேணும்னா ஜெயிச்சிருப்பேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது சுகமாக இருந்தது. அம்மாவிடம், ஒத்முனிடம், ஆல்தாவில் அந்தப் பெண்ணிடம்கூட, 'கார் அவ்வளவுதான் போகும்' என்று சொல்லியிருக்கிறேன். நான் கட்டிய காரைப் பற்றி நானே.

கார் போய்விட்டது என்று கோபப்பட்டேன். பிறகு கோபுரத்தில் நிற்கும்போது புரிந்தது, கோபம் அதற்கில்லை. அதை முழுதாக ஓட்டியவர் உலகத்தில் ஒரே ஒருத்தி. அது நானில்லை.

எப்படி ஓட்டினேன் என்று எழுதப் போவதில்லை என்கிறாய். எழுது. மூன்றாவது கியரில் முள் நடுவுக்கு மேல் போனதும் என்ன சத்தம் வந்தது? வளைவில் பின்பக்கம் வழுக்கியதா, பிடித்ததா? எனக்குத் தெரியாது, தோருன். அந்தக் கார் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

சிந்த்ரெ


ஃபோல்தால்
அக்டோபர் 27

அன்புள்ள அண்ணா,

பனிச் சக்கரம் மாற்றும் வாரம் என்பதால் கை முழுக்க வெடிப்பு. மற்றபடி நலம். கனமான மின்கார்களின் டயர்தான் முதலில் தேய்ந்து வருகிறது, ஆஸ்பியோனுக்குக் கொண்டாட்டம். அம்மா உன்னை அழைத்துவர நவம்பரில் விடுப்புக் கேட்டுவிட்டாள். ஆல்தாப் பெண்ணையும் கூட்டிவரச் சொல்கிறாள். நான் சொல்லவில்லை, உன் குரலை வைத்து அவளாகவே கண்டுபிடித்தாள்.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். இறுதி ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்த மாரென் என்ற பெண் ஜன்னல் வலை வழியாகப் பேசினாள்.

"ஏய், தூங்குமூஞ்சி. வளைவுல அகலமா போறியே, பயமா?"

நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா சொல்றாரு, உங்கண்ணனும் இப்படித்தானாம். வண்டிய ஒளிச்சு வச்சு ஓட்டறவனாம். பரம்பரையா உங்களுக்கு?"

அவள் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மூடிக்கொண்டாள். அதை உனக்கு எழுத மனம் வரவில்லை. அவள் சொன்னது பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் நான்கு வழிகள் நினைவுக்கு வந்தன. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய். விளக்கு பச்சையாக இன்னும் சில நொடிகள் இருந்தன. உன் காரைக் காப்பாற்றுவதா, உன் காரைக் காட்டுவதா என்று யோசித்தேன். காட்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்துதான் செய்தேன்.

இப்போது கேள்.

புறப்படும்போது சக்கரம் சுழலவில்லை. கிளட்சைப் பாதியில் பிடித்து, சரளை கடிக்கும்வரை காத்திருந்து விட்டேன். முதல் வளைவுக்கு மூன்றாவதாகப் போனேன். அங்கே எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் நான் பிடிக்கவில்லை, காலை மட்டும் எடுத்து உள்ளே திருப்பினேன். பின்பக்கம் வழுக்கியது. ஒரு கதவு அகலம் வழுக்கி, அங்கேயே நின்று, மறுபடி பிடித்தது. நீ பின்னால் போட்ட அந்தக் கனமான ஸ்பிரிங் அதற்காகத்தானே? அது வேலை செய்கிறது. நான் ஸ்டியரிங்கை ஒரு கையளவு எதிர்ப்பக்கம் திருப்பினேன், அவ்வளவே போதுமாக இருந்தது.

இரண்டாவது சுற்றில் மாரெனைத் தாண்டினேன். வெளிப்பக்கமாக. அங்கே சரளை ஆழம், யாரும் போவதில்லை. கார் அமுங்கும் என்று நினைத்தேன், அமுங்கவில்லை. கல் எல்லாம் அடியில் மழை போல அடித்தது.

மூன்றாவது கியரில் நடுவுக்கு மேல் சத்தம் மாறுகிறது. அதுவரை முனகும். அதற்குப் பிறகு ஒரே சுருதியில் பாடுவது மாதிரி. இருக்கையின் முதுகு வழியாக என் பல்லில் தெரிந்தது. முள் சிவப்பைத் தொட்டும் நான் எடுக்கவில்லை. நான்காவதுக்கு மாற்றினேன். நீ மாற்றியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கியர் மட்டும் புதிது போல இறுக்கமாக விழுந்தது.

கடைசிச் சுற்றின் நீண்ட நேர்பாதையில் எனக்கு முன்னால் யாருமில்லை. மிதியை இரும்புத் தகடுவரை அழுத்தினேன். காலுக்குக் கீழே இன்னும் அழுத்த ஒன்றுமில்லை. தூரத்தில் வளைவு தெரிந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது.

எவ்வளவு போகும் என்று கேட்டாய். அதை என்னால் சொல்ல முடியவில்லை, அண்ணா. நேர்பாதை முடியும்போதும் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

தோருன்